பிறர் சரக்கைப் பேணும் துறை



கடலின் வாடை சிறிதும் எட்டாத இந்தத் திருப்பூரில், கடல் வணிகத்தைப் பற்றியும், அதிலும் நமக்குச் சொந்தமில்லாத ஒரு துறைமுகத்தைப் பற்றியும் பேச முற்படுவது சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஆயினும், இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் தன் பங்காகக் கொண்டு, 2024-25ஆம் ஆண்டில் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்ப் பெறுமான ஆடைகளை வெளிநாடுகளுக்கு அனுப்பிய ஓர் ஊர், தன் சரக்கு எந்த வழியாகப் போகிறது, வழியில் யார் கையில் தங்குகிறது, அந்தக் கை ஏன் அங்கே வந்து அமைந்தது என்பதையெல்லாம் அறியாமல் இருப்பதே உண்மையில் விசித்திரம். சிறிய நாடு ஒன்று பெரிய உலகத்தின் வணிகக் கேந்திரமாக எப்படித் தன்னை ஆக்கிக்கொள்கிறது என்ற விஷயத்தைப் பேசுவோர் வழக்கமாகச் சிங்கப்பூரில் தொடங்குவார்கள். நானோ, திருப்பூரில் மூடி முத்திரையிட்ட பெட்டி கப்பல் மாறுகிற முதல் இடமாகிய கொழும்பில் தொடங்க விரும்புகிறேன்.

இந்தப் பிரதேசத்துக்கு நெடுவழி வணிகம் புதிதன்று என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். நொய்யலின் கரையில், சென்னிமலைக்கு அருகில் இருக்கும் கொடுமணலில் அகழ்ந்தெடுத்த மணிக்கற்களும் பானையோட்டு எழுத்துகளும், மேலைக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கரூர் நோக்கிச் சென்ற பெருவழியில் இவ்வூர்கள் தங்கலும் பட்டறையுமாக இருந்ததைக் காட்டுகின்றன. யவனர் கண்ட அந்த வழி மறைந்துபோய்ப் பல நூற்றாண்டுகள் ஆயின. இன்று நம் லாரிகள் அதற்குக் குறுக்காகத் தெற்கு நோக்கி ஓடுகின்றன.

அவற்றில் ஒன்றைச் சற்றுத் தொடர்ந்து செல்வோம். செக்கிங்கும் அயர்னிங்கும் முடிந்து, பாலித்தீன் உறையில் புகுந்து, அளவு வாரியாக அட்டைப்பெட்டிகளில் அடுக்கப்பட்ட சட்டைகள், நாற்பதடிக் கன்டெய்னரில் ஏறி, கதவில் சீல் விழுந்த பிறகு, தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை என்று முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இரவோடு இரவாகப் பயணம் செய்து தூத்துக்குடி சேருகின்றன. கொச்சி இதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. இருந்தும் நம்மவர்கள் நெடுங்காலமாகத் தூத்துக்குடியையே நாடுவதற்குப் பழக்கமும், அங்கிருந்து கிடைக்கும் கப்பல்களின் தொகையும், மேற்கே வேலைநிறுத்தத்தில் சரக்கு சிக்கிக்கொள்ளுமோ என்ற பழைய அச்சமும் காரணங்கள். தூத்துக்குடியில் அந்தப் பெட்டி ஏறுவது ஐரோப்பாவுக்குச் செல்லும் தாய்க்கப்பலில் அன்று. ஃபீடர் எனப்படும் சிறு கப்பலில் ஏறி, ஒரு நாளுக்குள் கொழும்பை அடைந்து, அங்கே கரையில் இறங்கி, சில நாள் காத்திருந்து, பிறகுதான் ராட்டர்டாமுக்கோ ஹாம்பர்க்குக்கோ பெலிக்ஸ்டோவுக்கோ போகிற பெருங்கப்பலைப் பிடிக்கிறது. அந்தக் காத்திருப்பு மூன்று நாளாக இருந்தால் ஏற்றுமதியாளர் அதை நினைப்பதுகூட இல்லை. பதினைந்து நாளாகிவிட்டாலோ, வெளிநாட்டில் வாங்குகிற பையர் தன் பருவ விற்பனைக் கணக்கைக் காட்டி, அடுத்த சரக்கை உங்கள் செலவிலேயே விமானத்தில் அனுப்புங்கள் என்று மின்னஞ்சல் விடுக்க, அந்த ஆர்டரின் லாபம் முழுவதும் ஆகாயத்தில் கரைந்துவிடுகிறது.

தாய்க்கப்பல் ஏன் தூத்துக்குடிக்கே வருவதில்லை என்று கேட்டால், ஆழம் போதாது என்ற பதில் உடனே கிடைக்கும். அது உண்மைதான், முழு உண்மையன்று. அங்கே ஏறத்தாழ பதினான்கு மீட்டர் மிதவை ஆழமுள்ள கப்பல்களால் வரமுடிகிறது. பெரிய தாய்க்கப்பல்களுக்கு அதற்கு மேலும் வேண்டும். ஆனால் ஆழத்தைத் தோண்டிக் கொடுத்துவிட்டாலும், ஒரு துறையில் நின்று புறப்படும் செலவை ஈடுகட்ட ஆயிரக்கணக்கான பெட்டிகள் ஒரே நடையில் ஏறி இறங்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் பெருங்கப்பலுக்கு இருக்கிறது. ஆண்டுக்கு எட்டு லட்சத்தை ஒட்டிய இருபதடிப் பெட்டிகளைக் கையாளும் தூத்துக்குடியின் சரக்கு, திசைவாரியாகவும் கம்பெனிவாரியாகவும் பிரிந்தபின் அத்தனை திரளாக நிற்பதில்லை. 2024ஆம் ஆண்டில் சுமார் 78 லட்சம் பெட்டிகளைக் கையாண்ட கொழும்போ, பல சிறு ஊற்றுகளின் நீரை ஓரிடத்தில் சேர்த்துப் பெருக்கிக் கொடுக்கிறது. அந்தப் பெட்டிகளில் ஐந்தில் நான்கு பங்கு இலங்கைக்குச் சம்பந்தமே இல்லாதவை.

தூத்துக்குடி கொழும்பு வழி என்றதும் தமிழர் நெஞ்சில் எழும் பெயர் ஒன்றுண்டு. 1906ஆம் ஆண்டில் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி ஓட்டிய வழி இதுவே. காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள்; எதிரே, கட்டணத்தைத் தாறுமாறாகக் குறைத்து நஷ்டத்தைத் தாங்கி நிற்கக்கூடிய ஆங்கிலேயக் கம்பெனி; பக்கபலமாக அதன் அரசாங்கம். 1908இல் அவர் சிறைப்பட்டதும், சில ஆண்டுகளில் கம்பெனி கலைந்ததும் எல்லோரும் அறிந்த சரித்திரம். ஆனால் அந்தச் சரித்திரத்தை நாம் தியாகத்தின் அத்தியாயமாக மட்டும் படித்துவிட்டு, கப்பல் வழியைத் தன்வசம் வைத்திருப்பது கொடியின் காரியமாக இருப்பதோடு கட்டணத்தின் காரியமாகவும், நாள் தவறாத நடைகளின் காரியமாகவும் இருக்கிறது என்ற வியாபாரப் பாடத்தை ஓரமாகத் தள்ளிவிட்டோம். வக்கீலாக இருந்தும் சிதம்பரனார் அந்தப் பாடத்தை நன்றாக அறிந்திருந்தார் என்பதற்கு, அவர் பங்கு சேர்க்கவும் கப்பல் வாங்கவும் அலைந்த அலைச்சலே சாட்சி. இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கும் துறைமுகத்திலிருந்து அதே வழியில் ஃபீடர் கப்பல்கள் போய் வருகின்றன.

இனிக் கொழும்பு ஆன கதைக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையில் நீராவிக் கப்பல்கள் நின்று நிலக்கரி ஏற்றிய துறை, காலி என்னும் ஊர். கொழும்பு தென்மேற்குப் பருவக்காற்றின் அலைக்கு மார்பைத் திறந்து காட்டிக்கொண்டிருந்த, ஒதுங்க இடமற்ற கரை. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து, கிழக்கு மேற்குப் போக்குவரத்து இந்தத் தீவின் அடிவாரத்தை உரசிக்கொண்டு செல்லத் தொடங்கியதும், தோட்டங்களின் விளைபொருளும் கப்பல்களின் தேவையும் சேர்ந்து ஒரு நல்ல துறையைக் கேட்டன. 1875ஆம் ஆண்டு டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய அலைதாங்கி பத்தாண்டில் முடிந்தது. அது முடிந்ததும், இயற்கை வளைத்துக் கொடுத்த குடாவும் பாறையும் கோட்டையும் உடைய காலி தன் கப்பல்களை இழந்தது. இந்த ஒரு செய்தியை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். துறைமுகம் பூகோளத்தின் குழந்தை என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். இங்கே பூகோளம் காலிக்கே அதிக அனுகூலம் செய்திருந்தும், ஒரு கல் மதில் அந்த அனுகூலத்தைப் பறித்து எழுபது மைல் வடக்கே கொண்டு வைத்தது.

நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே நாடகம் மறுமுறை நடந்தது. 1956இல் அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி, 58 இரும்புப் பெட்டிகளை ஒரு பழைய எண்ணெய்க் கப்பலின் மேல்தட்டில் ஏற்றி நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பியதோடு, மூட்டை சுமப்பவர்களின் யுகம் முடிந்து பெட்டியின் யுகம் பிறந்தது. இந்தியத் துறைமுகங்கள் அந்தப் பெட்டியை ஐயத்தோடு பார்த்துக்கொண்டிருந்த 1980களில், உள்நாட்டுப் போர் மூண்டெரிந்த இலங்கை, கொழும்பில் ஜெயா கன்டெய்னர் முனையத்தைக் கட்டியது. 1999இல் தனியாரைக் கூட்டி ஒரு முனையம் அமைத்தது. 2013இல் தெற்கே புதிய அலைதாங்கிக்குள் பதினெட்டு மீட்டர் ஆழத்தில் சீன நிறுவனம் ஒன்றின் முனையத்தைத் திறந்தது. 2025இல் இந்தியாவின் அதானி நிறுவனம் பெரும்பங்கு கொண்ட மேற்கு முனையமும் இயங்கத் தொடங்கியது. சீனர் கட்டிய முனையத்துக்கும் இந்தியர் கட்டிய முனையத்துக்கும் இடையே பெட்டிகள் லாரியில் மாறிக்கொண்டிருக்கின்றன. அரசியலில் இதைத் தந்திரம் என்பார்கள். இரு பெரியவர்களுக்கிடையில் சிறியவன் நடத்தும் கழைக்கூத்து என்றும் சிலர் பழிப்பார்கள். இதில் பிழைகள் இல்லாமல் இல்லை. கிழக்கு முனையத்தை இந்தியாவும் ஜப்பானும் சேர்ந்து கட்ட 2019இல் செய்த உடன்பாட்டை 2021இல் கைவிட்டது அத்தகைய பிழை என்பது என் அபிப்பிராயம். சொன்ன சொல்லுக்கு மதிப்பில்லை என்ற பெயர் துறைமுகத்துக்கு ஆழக்குறைவைக் காட்டிலும் கேடு.

இவ்வளவு சொன்ன பிறகும், கொழும்பு எதை விற்கிறது என்ற கேள்வி பாக்கி நிற்கிறது. இதற்கு விடை திருப்பூரில்தான் எளிதாகப் புரியும். ஜாப் ஒர்க் என்னும் ஏற்பாட்டை இந்நகரத்தாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சாயப்பட்டறைக்காரர் துணிக்குச் சொந்தக்காரர் அல்லர். காலையில் ஒரு பார்ட்டியின் லாட்டும் மாலையில் அவருடைய போட்டியாளரின் லாட்டும் அதே இயந்திரத்தில் இறங்கும். ஷேடு மாறாமல், எடை குறையாமல், சொன்ன நாளில் டெலிவரி கொடுப்பது ஒன்றே அவருடைய மூலதனம். யாருடைய துணி உசத்தி என்று அவர் கருத்துச் சொல்லத் தொடங்கினால் மறுநாளே பட்டறை வெறிச்சோடும். கொழும்பு, கடல் நடுவே அமர்ந்து ஜாப் ஒர்க் செய்கிற நாடு. கர்ணபுலி ஆற்றுக்குள் பெருங்கப்பல் நுழையமுடியாத சட்டகிராமத்திலிருந்து, நமக்கு உலகச் சந்தையில் நேர்ப் போட்டியாளராகிய வங்கதேசத்தின் பனியன்களும் கொழும்புக்கே வருகின்றன. ஒரே ஐரோப்பிய அங்காடிக்காகத் தயாரான திருப்பூர்ப் பெட்டியும் டாக்காப் பெட்டியும் அங்கே ஒரே அடுக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக நின்று ஒரே கப்பலுக்குக் காத்திருப்பதுண்டு. இலங்கையே ஆடை தைத்து விற்கிற நாடு. ஆகவே நம் இருவருக்கும் போட்டி நாடு. இருந்தும் கிரேன் ஓட்டுபவர் பெட்டியின் எண்ணைப் பார்க்கிறாரே தவிர ஊரைப் பார்ப்பதில்லை. பெரிய நாட்டுத் துறைமுகத்துக்கு இந்தப் பாரபட்சமின்மை எளிதில் வருவதில்லை. அதற்குச் சொந்தச் சரக்கு ஏராளமாக இருக்கிறது. பிறன் சரக்கு இரண்டாம் பட்சமாகிவிடுகிறது. இரண்டு கோடிச் சொச்சம் ஜனங்களே உள்ள தீவுக்கோ, பிறன் சரக்கைப் பேணாவிட்டால் முனையங்களை நிரப்ப வேறு சரக்கில்லை. சிறுமையே அதற்கு ஒழுக்கத்தைக் கற்றுக்கொடுத்தது.

சிங்கப்பூரின் சரித்திரம் இதே தர்மத்தை இன்னும் கடுமையாகப் பின்பற்றிய சரித்திரம். 1965இல் மலேசியாவிலிருந்து பிரிந்து தனியே நின்ற அந்தத் தீவு, 1972இலேயே தஞ்சோங் பகாரில் பெட்டிகளுக்கென்று முனையம் திறந்தது. 1989இல் ‘டிரேட்நெட்’ என்ற கணினி ஏற்பாட்டின் மூலம் பல இலாகாக்களின் அனுமதிகளை ஒரே விண்ணப்பத்தில் அடக்கியது. 2024இல் நான்கு கோடிக்கு மேற்பட்ட பெட்டிகளைக் கையாண்டது. அதைவிடச் சாமர்த்தியமான காரியம், துறைமுகத்தை நடத்தும் வித்தையையே சரக்காக்கி வெளிநாடுகளில் விற்றது. 1990களின் இறுதியில் தூத்துக்குடியின் முதல் பெட்டி முனையத்தைக் கூட்டாக அமைத்து நடத்த வந்தது சிங்கப்பூரின் பி.எஸ்.ஏ. நிறுவனமே. கொச்சியின் வல்லார்பாடம் முனையத்துக்குத் துபாயின் நிறுவனம் வந்தது. நம்மை வாசலில் காக்கவைக்கும் நாடுகளே நம் வாசலுக்கும் கதவு செய்து கொடுத்திருக்கின்றன. துபாயைப் பற்றித் தனியே ஒரு சொற்பொழிவு செய்யலாம். ஜெபல் அலியில் 1985இல் தீர்வையற்ற வளாகம் அமைத்து, சரக்கு தங்குமிடத்திலேயே வியாபாரியையும் தங்கவைத்தார்கள் என்பதோடு இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

பிறர் சரக்கில் வாழ்கிறவனுக்குள்ள அபாயமும் பிறர் சரக்கிலேயே இருக்கிறது. கப்பல் மாறும் பெட்டிக்கு எந்தத் துறையிலும் வேர் கிடையாது. 1950களில் உலகத்தின் மிகுந்த சுறுசுறுப்புள்ள துறைகளில் ஒன்றாக விளங்கிய ஏடன், 1967இல் சூயஸ் மூடியதும் பிரிட்டிஷார் வெளியேறியதும் சேர்ந்துகொள்ள, சில ஆண்டுகளில் வெறுமையாயிற்று. 1975இல் கால்வாய் திறந்தபோது கப்பல்கள் வேறு இடங்களைப் பழகிவிட்டிருந்தன. கொழும்புக்கும் அந்த நிழல் பட்டதுண்டு. 2001ஆம் ஆண்டு ஜூலையில் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டபோது, இலங்கைக்கு வரும் கப்பல்கள்மேல் போர்க்கால இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏற, அந்தச் சுமை நம் பெட்டிகள்மேலும் இறங்கியது. ஆனால் 2022இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர இயலாதென்று அறிவித்து, பெட்ரோலுக்கு ஜனங்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், அந்தத் துறைமுகம் ஓயாமல் இயங்கி 68 லட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகளைக் கையாண்டது. அரசாங்கம் தடுமாறியபோதும் துறை தடுமாறவில்லை என்பதைக் கப்பல் கம்பெனிகள் குறித்துவைத்திருக்கும்.

அதே நாட்டின் தென்கோடியில் அம்பாந்தோட்டை இருக்கிறது. உலகக் கப்பல் வழிக்குக் கொழும்பைவிட அது நெருக்கம். கடன் வாங்கி 2010இல் திறந்து, 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் ஒப்படைத்த அந்தத் துறை, நெடுங்காலம் கார்களை ஏற்றி இறக்கும் இடமாகவே இருந்து வந்தது. பூகோள அனுகூலத்தையே நம்புகிறவர்களுக்குக் காலி சொன்ன பதிலைத்தான் அதுவும் சொல்கிறது.

நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவின் கப்பல் மாறும் சரக்கில் ஏறத்தாழ முக்கால் பங்கு கொழும்பு, சிங்கப்பூர், கிள்ளான் முதலிய அந்நியத் துறைகளில் கைமாறுவதாக மத்திய அரசாங்கமே சொல்லிவந்திருக்கிறது. இதைக் கேட்டு ரோஷம் கொள்வது இயல்பு. அந்த ரோஷத்தில் பிறந்ததுதான் 2011இல் திறந்த வல்லார்பாடம். பெயரில் சர்வதேசம் இருந்தும் அது கொழும்பின் இடத்தைப் பிடிக்கவில்லை. ஆழத்தைக் காக்க ஓயாமல் தூர்வார வேண்டியிருந்த செலவு ஒருபுறம். இந்தியத் துறைகளுக்கிடையே அந்நியக் கொடிக் கப்பல் சரக்கேற்றக் கூடாதென்ற கரையோரச் சட்டம் மறுபுறம். தூத்துக்குடியிலிருந்து பெட்டியைக் கொழும்புக்குக் கொண்டுபோக எந்தக் கப்பலுக்கும் தடையில்லை, கொச்சிக்குக் கொண்டுபோகத்தான் தடை என்ற விநோத நிலையை நாமே உண்டாக்கி, சலுகையாகச் சில ஆண்டுகள் தளர்த்தி, 2018இல்தான் பொதுவாக விலக்கினோம். கொழும்பை வளர்த்தவர்களின் பட்டியல் எழுதினால் நம் சட்டத்துக்கும் அதில் ஓர் இடம் உண்டு.

இப்போது கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகம் வந்திருக்கிறது. தோண்டாமலே கிடைக்கிற ஆழம், கப்பல் வழிக்குப் பத்துக் கடல்மைல் அளவே தூரம். 2024 ஜூலையில் முதல் பெருங்கப்பல் வந்தது. 2025 மே 2ஆம் நாள் பிரதமர் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். முதல் ஆண்டிலேயே பத்து லட்சம் பெட்டிகளைத் தாண்டிவிட்ட அந்தத் துறையைக் கொழும்பு கவலையோடு பார்ப்பதில் ஆச்சரியமில்லை. தேசியப் பெருமிதத்தில் நானும் பங்குகொள்கிறேன். ஆனால் திருப்பூர் ஏற்றுமதியாளர் பெருமிதத்தோடு வேறொரு கணக்கையும் போட வேண்டும். நம்மில் பெரும்பாலோர் எஃப்.ஓ.பி. முறையில் விற்கிறோம். அதாவது, கப்பலில் ஏற்றுவதோடு நம் பொறுப்பு முடிகிறது. எந்தக் கப்பல், எந்த வழி, எந்தத் துறையில் மாற்றம் என்பதைப் பையர் குறித்துக் கொடுத்த சரக்கு முகவராகிய ஃபார்வர்டர் தீர்மானிக்கிறார். கொழும்பா, விழிஞ்ஞமா என்று இங்கே மேடையில் தீர்மானம் போடலாம்; அதைச் செயலாக்கும் அதிகாரம் ஜெர்மனியிலோ டென்மார்க்கிலோ ஒரு மேஜையில் இருக்கிறது. வழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை விற்றுவிட்டு வழியைப் பற்றிக் குறைசொல்லுகிற நிலை நமக்கு வெகுகாலமாகப் பழகிவிட்டது. தாமதத்துக்குத் தண்டனையை மட்டும், வழக்கப்படி, நாம் ஏற்றுக்கொள்கிறோம்.

2023இன் இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, ஐரோப்பாவுக்குப் போகிறவை நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கியபோது இந்தப் பலவீனம் நன்றாக வெளிப்பட்டது. பயணம் ஏறக்குறைய இரண்டு வாரம் நீண்டது. கப்பல்கள் தம் அட்டவணையை மாற்றிக்கொண்டு கொழும்பில் கூடுதலாகச் சரக்கை இறக்கின. அடுத்த ஆண்டு கொழும்பின் பெட்டிக் கணக்கு உயர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். துறைக்கு அது லாபமான ஆண்டு; நமக்கோ தாமதத்தின் ஆண்டு. முதுகலை வணிகவியல் மாணவர்கள் ஆராய்வதற்கு இது நல்ல பொருள்: ஒரு கேந்திரத்தின் சுபிட்சமும் அதைப் பயன்படுத்துகிறவரின் சுபிட்சமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

ஆகவே இந்நகரத்துச் சங்கங்களுக்கு என் விண்ணப்பம் இதுதான். ஒரு துறைக்குக் கட்சி கட்ட வேண்டாம். தூத்துக்குடியில் 2024 செப்டம்பரில் திறந்த மூன்றாவது முனையமும், திட்டத்தில் இருக்கும் வெளித்துறைமுகமும், கொச்சியும், விழிஞ்ஞமும், கொழும்பும் நமக்காகப் போட்டியிடுமாறு செய்வதே நமக்கு அனுகூலம். அதற்கு, தனித்தனியே பத்துப் பெட்டி, இருபது பெட்டி என்று பேரம் பேசும் பழக்கத்தை விட்டு, சில நூறு ஏற்றுமதியாளர்களாவது சேர்ந்து ஒரே திசைக்குரிய சரக்கைத் திரட்டி, ஆண்டு ஒப்பந்தமாகக் கப்பல் கம்பெனிகளிடம் நேரே கட்டணம் பேச வேண்டும். பையரிடமும் ஒரு பகுதி ஆர்டர்களையாவது கப்பல் கட்டணம் உட்பட விலைசொல்லி விற்கப் பழகவேண்டும். விழிஞ்ஞத்தின் அதிகாரிகள் இவ்வூருக்கு வந்து அழைப்பு விடுக்கும்போது, அவர்களிடம் ஆழத்தைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். ஹாம்பர்க்குக்கு வாரத்துக்கு எத்தனை கப்பல், எத்தனை கம்பெனிகளின் கப்பல், ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது எந்தக் கிழமை, தூத்துக்குடியிலிருந்து ஃபீடர் எந்த நாளில் புறப்படும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதே கேள்விகளைக் கொழும்புக்கும் அனுப்பி வையுங்கள்.